நீல நாக்கு

பன்னிரண்டாவது குஞ்சின் அலகையும் பிளந்து பார்த்தாள். நாக்கு வெளிறிக் கிடந்தது. அதைக் குழிக்குள் எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“செத்ததோட வாயில என்னாம்மா தேடற? கம்மல் உழுந்துட்டுதா?” என்றார் பண்ணைக்காரர் சென்னகிருஷ்ணன்.

மாதம்மாள் பதிமூன்றாவதின் வாயையும் திறந்தாள்.

ராயக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் போகும் சாலையை விட்டு ஒரு மைல் உள்ளே இருந்தது பண்ணை. நான்கு ஷெட்டுகள். சென்னகிருஷ்ணன் செப்டம்பர் இருபத்துமூன்றாம் தேதி குஞ்சு ஷெட்டில் எட்டாயிரம் குஞ்சுகள் இறக்கியிருந்தார். இப்போது அக்டோபர் பன்னிரண்டு. சனிக்கிழமை சாவு தொடங்கியது. மூன்று நாளில் இரண்டாயிரத்துக்கு மேல் போய்விட்டன. மிச்சத்தில் பாதி வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தன. சில கழுத்து திருகி, தலை முதுகின் மேல் மடங்கி, நின்ற இடத்திலேயே சுற்றின. வெள்ளைக்கழிச்சல். டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். மூச்சு வழியாக ஒரு குஞ்சிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நோய். அது வராமல் இருக்கத்தான் ஏழாம் நாள் குஞ்சின் மூக்கில் சொட்டு மருந்து விடுவது.

அந்தச் சொட்டை விட்டவள் மாதம்மாள். அவளோடு மூன்று பெண்கள்.

மருந்தைக் கரைக்கும் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருக்கும். சொட்டு சரியாக உள்ளே போயிருந்தால் குஞ்சின் நாக்கு நீலமாகும். விட்ட கொஞ்ச நேரத்தில் அலகைத் திறந்து பார்த்தால் தெரியும். அரை மணி நேரத்தில் சாயம் போய்விடும். இரண்டு வாரம் கழித்து, செத்த குஞ்சின் வாயில் அது இருக்காது என்று மாதம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தாள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“மூக்குக்கு வெளிய உட்டுட்டுப் போயிட்டே. அவ்வளவுதான் விசயம்” என்றார் சென்னகிருஷ்ணன். “எட்டாயிரம் உசுரு.”

“நீங்களே வந்து வாயத் தெறந்து பாத்தீங்க. நீலமா இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“நான் பாத்தது பத்து குஞ்சு. மிச்சத்துக்கு நீ என்னா பண்ணியோ, யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்சி என்னா ஆவறது? நேத்து பண்ணைக்காரங்க எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். இந்தச் சுத்துல இனிமே ஒரு குஞ்சு மேல உன் கை படாது.”

அது அவளுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது. மறுநாள் பொற்கொடியின் பண்ணையில் ஐயாயிரம் குஞ்சுக்குச் சொட்டு விட வேண்டும். பத்து நாளைக்கு முன்பே சொல்லி வைத்த வேலை. காலை ஏழு மணிக்குப் பொற்கொடி போனில் கூப்பிட்டாள். “வேணாம் மாதம்மா. ஓசூர்லருந்து வேற ஆளுங்கள வரச் சொல்லிட்டேன்” என்றாள். காரணம் சொல்லவில்லை. அதைக் கேட்டுத்தான் மாதம்மாள் கூப்பிடாமலே இங்கு வந்தாள். சாந்தம்மா மட்டும் கூட வந்தாள். மற்ற இருவருக்கும் பயம்.

*

மாதம்மாளுக்கு நாற்பத்தோரு வயது. கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருடம் தளியில் ரோஜா பூ வளர்க்கும் பிளாஸ்டிக் கொட்டகையில் வேலை செய்தாள். உள்ளே மருந்து அடித்த ஒரு மணி நேரத்தில் பெண்களைப் பூப்பறிக்க அனுப்புவார்கள். அவளுக்கு இழுப்பு வந்தது. இழுப்பு வந்தவளுக்கு அங்கே வேலை இல்லை. பிறகு கோழிக்கு வந்தாள். பதினொரு வருடமாகக் குஞ்சுகளின் மூக்குதான் அவள் பிழைப்பு.

இடது கையில் குஞ்சைப் பிடிக்க வேண்டும். ஒரு நாசித் துளையை விரலால் அடைக்க வேண்டும். இன்னொன்றின் மேல் ஒரு சொட்டு. சொட்டு துளையின் மேல் ஒரு நொடி முட்டி நிற்கும். குஞ்சு மூச்சை இழுக்கும்போது உள்ளே போகும். அதுவரை விடக்கூடாது. சொட்டு விட்டவுடன் குஞ்சைத் தூக்கிப் போட்டால் அது தலையை உதறும், மருந்து தரையில். அவசரக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். மற்ற குழுக்கள் ஒரு மணி நேரத்தில் ஆயிரத்து இருநூறு குஞ்சு முடிக்கும். மாதம்மாளின் குழு எண்ணூறு. “உங்களுக்குக் காப்பி வெச்சே என் சக்கரை தீந்துபோச்சி” என்று பண்ணைக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். அவள் குஞ்சுகளை எண்ணுவதில்லை. ஒரு சொட்டு, ஒரு மூச்சு. அடுத்தது.

அவள் இடது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நீலம் போகாது. மே மாதம் தேர்தல் முடிந்து எல்லோருடைய விரலிலும் மை அழிந்த பிறகும் ராயக்கோட்டை பஸ் கண்டக்டர் அவளைப் பார்த்தால் விடமாட்டார். “என்னாக்கா, நீ மட்டும் தெனம் போய் ஓட்டுப் போட்டுட்டு வர்றியா?”

“ஆமா, கோழிக்கு. ஜெயிச்சா முட்டையாவது போடும்” என்பாள்.

ஆகஸ்டில் பெங்களூரில் பன்றிக்காய்ச்சல் என்று பேச்சு வந்தது. ஓசூர் கம்பெனிகளில் மூக்கை மூடத் துணி கொடுத்தார்கள். பஸ்ஸில் ஒருத்தர் இருமினால் மற்றவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அப்போது ஒரு நாள் ஒரு பண்ணையில் வேலைக்கு நடுவே சாந்தம்மா டாக்டர் அசோக்குமாரைக் கேட்டாள். சாந்தம்மா தளிக்காரி, வீட்டில் கன்னடம் பேசுகிறவள்.

“கோழிக்கு மூக்குல உடறீங்க. நமக்கு இல்லியா சார் அந்த மாதிரி?”

“அமெரிக்காவுல இருக்குது. ஜுரத்துக்கு. மூக்குல பீச்சுவாங்க. காவல்காரன வாசல்லயே நிறுத்தற மாதிரி. நோய் மூக்கு வழியா வருது, மருந்தும் மூக்குலயே நிக்கும்.”

“எல்லா சளிக்கும் சேத்து ஒண்ணா?”

“அதுக்குத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. ஒண்ணுத்துக்கே இங்க இன்னும் வரல. வரும்.”

“நமக்கு வர்றப்ப நாம இருக்க மாட்டோம்” என்றாள் சாந்தம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அசோக்குமாரும் சிரித்தார். சின்ன வயது. பைக்கில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்க்கிற தனியார் டாக்டர். பண்ணைக்காரர்கள் கூப்பிட்டால்தான் அவருக்கு வேலை.

*

இப்போது அசோக்குமார் குஞ்சு ஷெட்டிலிருந்து கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார். அறுத்துப் பார்த்தாகிவிட்டது. சந்தேகமில்லை, ராணிக்கெட்தான். பைக் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார்.

“என்னா சார் எழுதறீங்க?” மாதம்மாள் கிட்டே போனாள்.

“ரிப்போர்ட்டும்மா.”

“என்னான்னு?”

அவர் சென்னகிருஷ்ணனைப் பார்த்தார். பிறகு படித்தார். “தடுப்பு மருந்து வேலை செய்யவில்லை. காரணம், சொட்டு விட்டவர்களின் கவனக்குறைவு.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்கம்மா பாத்தேன்? மருந்து போட்டும் நோய் வந்துருக்குதுன்னா ரெண்டே காரணந்தான். ஒண்ணு, மருந்து உள்ள போவல. இல்லன்னா, போன மருந்து செத்த மருந்து. குளிர்ச்சி போனா அது செத்துரும், உனக்கே தெரியும். மருந்து பிரிட்ஜுலதான் இருந்துச்சின்னு ஓனரு சொல்றாரு. அப்ப மொதல் காரணந்தான?”

“பிரிட்ஜுலதான் இருந்துச்சி” என்றார் சென்னகிருஷ்ணன். “சாவியே எங்கிட்டதான்.”

மாதம்மாள் தீவன கோடவுன் பக்கம் திரும்பினாள்.

பிரிட்ஜ். தீவன கோடவுனில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய சிவப்பு பிரிட்ஜ். லாரி ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி சத்தம் போடும். அதன் அருகில் நின்று பேசினால் கத்த வேண்டும்.

ஆயுத பூசையன்று அவள் அந்தக் கோடவுனுக்கு வந்திருந்தாள். ஒவ்வொரு வருடமும் சென்னகிருஷ்ணன் குழுப் பெண்களைக் கூப்பிட்டுப் பொரி கடலை கொடுப்பார். அவளும் தன் சொட்டுப் பாட்டில்களையும் தெர்மோகோல் பெட்டியையும் கொண்டுவந்து பூசையில் வைத்தாள். தீவன மிஷின், ஜெனரேட்டர், தராசு, மருந்தடிக்கும் பம்பு, பிரிட்ஜ், எல்லாவற்றுக்கும் பொட்டு, சாமந்தி மாலை. சென்னகிருஷ்ணன் மந்திரத்தை வாய்க்குள்தான் முணுமுணுத்தார். வாசற்படியில் நின்ற அவளுக்கு அது முழுதாகக் கேட்டது. எவ்வளவு நன்றாகச் சொல்கிறார் என்று நினைத்தாள். பிரிட்ஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

முழுதாகக் கேட்டது.

அது ஞாயிறு. சொட்டு விட்டது செவ்வாய். செவ்வாய்க் காலை பிரிட்ஜில் ஐஸ் இல்லை. மேல் தட்டில் கையை விட்டுவிட்டு அவள்தான் கத்தினாள். “ஐஸ் இல்லாம எப்படிங்க மருந்து போடறது?” யாரோ பைக்கில் போய் ராயக்கோட்டை சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்தார்கள். மருந்துக் குப்பிகளை அந்த ஐஸில் அவளே புதைத்தாள். குப்பிகள் குளிர்ந்தன. ஐஸ் ஏன் இல்லை என்று கேட்டாள். ஐஸ் இல்லாத பிரிட்ஜில் மருந்து எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

“பூசைக்கு பிரிட்ஜ அணைச்சீங்களா?” என்றாள்.

“எது?”

“மருந்து பிரிட்ஜு. பூசையப்ப.”

“அத யாரு அணைப்பாங்க? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சி.”

“ஓடல.”

“நீ பாத்தியா?”

“கேட்டேன்.”

சென்னகிருஷ்ணன் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டுதாம்.”

மாதம்மாள் கோடவுனை நோக்கி நடந்தாள். “ஏய், எங்க போற?” என்று அவர் பின்னால் வந்தார். டாக்டரும் வந்தார். சாந்தம்மா கடைசியில் வந்தாள்.

பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. கதவில் பழைய பொட்டுகள் காய்ந்திருந்தன. சாமந்தி மாலை கருகித் தொங்கியது. தீவன மிஷினின் சுவிட்சில் பொட்டு. தராசின் தட்டில் பொட்டு. மாதம்மாள் பிரிட்ஜுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். முழங்கால் உயரத்தில் சுவரில் மூன்று துளைப் பலகை. அதில் ப்ளக் மாட்டியிருந்தது. ப்ளக்கின் முதுகில் பொட்டு இல்லை. சுவிட்சைத் தட்டிவிட்டு ப்ளக்கைப் பிடுங்கினாள்.

சத்தம் நின்றது. நால்வரின் மூச்சும் கேட்டது.

ப்ளக் இருந்த இடத்தில், மூன்று துளைகளுக்கு நடுவே, சந்தனம். நடுவில் குங்குமம். ப்ளக் அழுத்தியதில் அப்பளம்போலத் தட்டையாகி, காய்ந்து வெடித்திருந்தது.

“ப்ளக்கு மாட்டியிருந்தா இந்த எடத்துல பொட்டு எப்படிங்க வெப்பீங்க?”

மாதம்மாள் ப்ளக்கை அவர் முன்னால் நீட்டினாள்.

“சொல்லுங்க. ப்ளக்குக்கு அடியில போயி யாரு பொட்டு வெச்சாங்க?”

“ஆயுத பூசைக்கு மிஷினு ஓடுமா?” சென்னகிருஷ்ணனின் குரல் ஏறியது. “வருசம் பூரா ஒழைக்குதுங்க. ஒரு நாளு ஓய்வு. எங்கப்பன் காலத்துலருந்து இருக்கிற மொறை.”

“குஞ்சு ஷெட்டுல பல்பு எரிஞ்சிக்கிட்டுதான இருந்துச்சி? அதுக்கு ஓய்வு இல்லியா?”

“பல்ப அணைச்சா குஞ்சு குளுருல செத்துரும்.”

“மருந்து?”

அவர் பிரிட்ஜின் பக்கம் திரும்பினார்.

“என்னிக்கு அணைச்சீங்க?”

“கழுவறதுக்குச் சனிக்கிழம காலையில புடுங்கனது. விஜயதசமிக்கு நல்ல நேரத்துல எல்லாத்தையும் மறுபடி ஓட்டியாச்சி.”

“இதையுமா?”

“மிஷினு ஓட்டுனோம். ஜெனரேட்டரு ஓட்டுனோம். இது…” அவர் நிறுத்தினார். “செவ்வா காலையில நீ ஐஸ் கேட்டு கத்தனப்பதான் பாத்தோம்.”

“சனி, ஞாயிறு, திங்கள்” என்றாள் மாதம்மாள். “தகரக் கூரை. பக்கத்துல ஜெனரேட்டரு. மூணு நாளு மருந்து வெந்துருக்குது. அத எங்கையில குடுத்து எட்டாயிரம் மூக்குல உட வெச்சிட்டு, என் கை சரியில்லன்னு ஊரு பூரா சொல்லியிருக்கீங்க.”

“சாமிக்கு வெச்ச பொட்டக் காட்டிக் குத்தம் சொல்றியா நீ? கண்ணு அவிஞ்சிரும்.”

சாந்தம்மா அவள் கையைப் பிடித்தாள். “சும்னிரு மாதக்கா” என்றாள் கன்னடத்தில். சும்மா இரு. “சாமி விசயம். பேட, வேணாம்.”

“எது சாமி விசயம்?” மாதம்மாள் கையை உதறினாள். “நானும்தான் கும்பிட்டேன். இந்தப் பிரிட்ஜப் பாத்துக் கும்பிட்டேன். அப்ப உள்ள மருந்து செத்துக்கிட்டு இருந்துச்சி. சத்தம் இல்லன்னு எனக்கு ஒறைக்கல. ஐஸ் இல்லன்னப்பவும் ஒறைக்கல. அது என் தப்பு.” டாக்டரிடம் திரும்பினாள். “அத எழுதுங்க சார். ஐஸ் இல்லாததப் பாத்தும் மாதம்மா கேக்கலன்னு எழுதுங்க. மூக்குக்கு வெளிய உட்டதா எழுதாதீங்க. அத அடிங்க.”

அசோக்குமார் காகிதத்தைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். சென்னகிருஷ்ணனைப் பார்த்தார். மூடினார்.

“ரெண்டுமே இருக்கலாம்மா” என்றார்.

“எந்த ரெண்டும்?”

“மருந்தும் கெட்டிருக்கலாம். கையும் கொஞ்சம்… எல்லாக் குஞ்சுக்கும் ஒரே மாதிரி விட முடியாதுல்ல?”

மாதம்மாள் அவரைப் பார்த்தாள். “மூக்குல பீச்சற மருந்து நமக்கும் வரும்னு சொன்னீங்கல்ல சார்? வரட்டும். அதயும் எதாவது ஆஸ்பத்திரியில பூசைக்கு அணைச்சி வெப்பாங்க. நீங்க வந்து, ஜனங்க சரியா உறிஞ்சலன்னு எழுதிக் குடுங்க.”

அவர் முகம் சிவந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

“உடு மாதம்மா” என்றார் சென்னகிருஷ்ணன். குரல் இறங்கியிருந்தது. “ஆனது ஆயிப்போச்சி. நீ இத வெளிய பேசாத. அடுத்த லோடு குஞ்சு வந்ததும் நீயே வந்து போடு. நான் வேற யாரையும் கூப்பட மாட்டேன்.”

“பொற்கொடியக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லுவீங்களா?”

“என்னான்னு சொல்லச் சொல்ற? சாமி கும்பிட்டுக் குஞ்சுங்களக் கொன்னுட்டேன்னா?”

“ஆமா. அதத்தான்.”

அவர் சுவரைப் பார்த்தார். காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார். கண் நிறைந்தது. மாதம்மாளுக்கு அதைப் பார்க்கக் கோபம் கூடியது. போன் போட்டு ஊருக்கெல்லாம் சொன்னபோது வராத கண்ணீர்.

பிரிட்ஜைத் திறந்தாள். கீழ்த் தட்டில் அதே பெட்டியின் மிச்சக் குப்பிகள் நான்கு இருந்தன. நான்கையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.

“ஏய்! அது என் மருந்து!”

“மருந்து இல்லீங்க” என்றாள் திரும்பாமல். “தண்ணி.”

குழியருகே நின்று ஒவ்வொன்றாக எறிந்தாள். குழியில் கொட்டியிருந்த சுண்ணாம்பில் பொத்பொத்தென்று விழுந்தன. நான்காவதை எறியும்போது குழியின் ஓரத்தில் ஒரு குஞ்சு இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். உயிரோடு போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துக் கழுத்தைத் திருகிக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். நீலம் போகவில்லை.

கோடவுனில் ப்ளக் தரையில் கிடந்தது. அதை யாரும் மாட்டவில்லை.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாதம்மாளும் சாந்தம்மாவும் காலை ஆறு மணி பஸ்ஸில் பொற்கொடியின் பண்ணைக்குப் போனார்கள். மற்ற இருவரும் வரவில்லை. ஓசூர்க் குழு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது, நான்கு பெண்கள். பொற்கொடி “உன்ன வேணாம்னு சொன்னேனே” என்றாள். மாதம்மாள், வேலை வேண்டாம், பிரிட்ஜின் ப்ளக்கை மட்டும் பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்றாள். பொற்கொடி தானே போய்ப் பிடுங்கினாள். அடியில் சந்தனம் இருந்தது. பூசையன்று காலையில் அணைத்தது, மறுநாள் போட்டது என்றாள். மறுநாள் எத்தனை மணிக்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு ஆள் பைக்கில் ஓசூருக்குப் போய்ப் புது மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தான். வரும்போது பதினொன்றரை. நேரமாகிவிட்டது, ஆள் போதாது என்று பொற்கொடி இவர்களையும் உட்காரச் சொன்னாள். ஓசூர்ப் பெண்களில் ஒருத்தி குஞ்சுகளைச் சீக்கிரம் விட்டாள். மாதம்மாள் இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூன்றே கால் மணிக்கு வேலை முடிந்தது. பொற்கொடி நடுநடுவே வந்து முப்பது குஞ்சுகளின் வாயைத் திறந்து பார்த்திருந்தாள். இருபத்தெட்டு நீலம். அடுத்த முறைக்கு யாரைக் கூப்பிடுவாள் என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

சென்னகிருஷ்ணனின் பண்ணையில் அன்று முந்நூற்றுப் பத்துக் குஞ்சுகள் செத்தன. அசோக்குமாரின் ரிப்போர்ட் காலையில் தபாலில் சேர்க்கப்பட்டது. அதில் கவனக்குறைவு என்ற அந்த வரி அடிக்கப்படவில்லை.